உஷ் என்று சொல்லக் கூடாத இடம்

என் அக்கா புருஷனுக்கு ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. மனிதர்களிடம் இல்லை, அதற்கு அக்கா இருக்கிறாள். இவர் தேடுவது தரைமேல் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டில்.

நாங்கள் வேலை செய்யும் நிலம் நிலமே இல்லை, கூழ். கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் மரியாதையாக வாங்கிக்கொள்ளும். அதன்மேல் பெரிய கிடங்கு கட்டித் தருவதாகக் கம்பெனி வாய் விட்டுவிட்டது. அதனால் சேற்றுக்குள் ஆழமாக வடிகால் பட்டைகளை இறக்கி, மேலே மணல் பரப்பி, எல்லாவற்றையும் ஷீட் போட்டு மூடி, ஓரங்களைப் புதைத்து, பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுகிறோம். சேற்றுத் தண்ணீரும் பட்டை வழியே ஏறி வந்துவிடும். தரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இறுகும். கட்டடம் கட்டினபிறகு தரை இறங்கினால் எல்லாரும் தலையில் கை வைப்பார்கள். நாங்கள் முன்னாடியே இறக்கிவிட்டு டீ குடிப்போம்.

பம்பு ஓட்டுவது நான். ஷீட்டில் சின்ன ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று புகுந்து, மீட்டர் முள் சரியும். உடனே மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஷீட்மேல் நடப்பார். தலையைச் சாய்த்து, உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தத்தைப் பிடித்து ஒட்டுப் போடுவார். பாம்புக் காது என்று பெயர். பெயரோடு தலைக்கனமும் வந்து சேர்ந்தது. அவர் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. பேசுகிறவனை 'உஷ்' என்று அடக்கவும் கூடாது, ஏனென்றால் மாமா ஒட்டுத் துண்டோடு அங்கே ஓடி வந்துவிடுவார். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை இந்தத் தப்பைச் செய்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். வாயில் விரல் வைக்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் இது விளையாட்டு. வேலை இல்லாத நேரத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் போய் 'உஸ்ஸ்' என்பேன். துள்ளித் திரும்பி, என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அந்தப் பரம்பரை அவர் பெண்டாட்டிக்கும் சொந்தம் என்பது ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொள்வார்.

இடையில் சில மாதம் ஓட்டையும் விழவில்லை, நானும் விளையாடவில்லை. அப்புறம் ஒரு நாள் 'உஸ்ஸ்' என்றேன், திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்ச் சொன்னேன். மனிதர் பாட்டுக்கு மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். எனக்கு விஷயம் புரிந்தது. வருஷக்கணக்கில் பம்புகளுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய காது. அது போனால் வேலை போகும். வேலையைவிட அந்தப் பெயர் போவதைத்தான் அவரால் தாங்க முடியாது. யாரிடமும் சொல்லாமல் பம்புக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரமே முள் சரிந்தது. மாமா காலையிலிருந்து நடக்கிறார். மண்டியிடுகிறார், ஷீட்டில் காதை வைக்கிறார், பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குகிறார். ஓட்டை மட்டும் சிக்கவில்லை. இன்ஜினியர் மேடம் என்னிடம் வந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள முள் ஏறலைன்னா வெளியாளுங்களைக் கூப்பிடணும். இவரை கேட்ல வாட்ச்மேனா உக்கார வைக்கச் சொல்லிட்டாங்க."

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். மாமா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தார். ஷீட் ஓரத்தில் நின்று "ஏங்க, சாப்பிட வாங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. வீட்டிலும் திரும்பாத மனிதர்தானே என்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். பாதி தூரத்தில் நின்றாள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. அதைத் தாண்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மாமா தலையைச் சாய்த்தபடி கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அவள் முகம் மாறியது. அந்த இடத்திலேயே சட்டென்று உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். அக்காவை லேசான ஆள் என்று யாரும் சொன்னதில்லை. முள் விறுவிறுவென்று ஏறியது.

கையை ஆட்டி மாமாவைக் கூப்பிட்டாள். வந்தவரைப் பக்கத்தில் இழுத்து, தனக்கு அடியில் விரலைக் காட்டிவிட்டு எழுந்தாள். அவர் தடவிப் பார்த்து ஒட்டுப் போட்டார். நிமிரவே இல்லை. எல்லாரும் "பாம்புக் காதுன்னா சும்மாவா!" என்று கை தட்டினார்கள். மானம் தப்பியது என்று நான் மூச்சு விட்டேன். அக்கா விட்டால்தானே?

"காது கேக்கலையா உங்களுக்கு?"

அவர் ஒட்டையே தடவிக்கொண்டிருந்தார். முகத்தைப் பிடித்துத் திருப்பி, தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். மெதுவாக ஆமென்று தலையாட்டினார். அக்கா டப்பா மூடியாலேயே அவர் தோளில் ஒன்று போட்டாள். அப்புறம் ஓவென்று அழுதாள்.

"செவிடுதானா? அடப்பாவி, வெறும் செவிடுதானா! எத்தனை மாசமா கேட்டதுக்குப் பதில் இல்ல. என்மேல வெறுப்பு வந்துடுச்சு, எங்கயாவது விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு தெனம் செத்துட்டிருந்தேன்யா!"

செவிடரிடம் சொல்வதால் தொண்டை கிழியச் சொன்னாள். மேடத்துக்குக் கேட்டது, லாரிக்காரர்களுக்குக் கேட்டது. மாமா கட்டிக் காத்த ரகசியத்தை அக்கா ஒரே மூச்சில் ஊருக்கே சொல்லிவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, சொன்னால் என்ன.

மேடம் அருகில் வந்து, "அக்கா, நாளையிலேர்ந்து நீங்களும் வாங்க. நீங்க கேளுங்க, அவர் ஒட்டட்டும்" என்றார்.

மாமா அக்காவையே பார்த்தார். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"என்ன சொன்ன?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று சொன்னதை மட்டுமில்லை, அவர் காதில் விழாமல் போனது அத்தனையையும் முதலிலிருந்து கத்திக் கத்திச் சொல்ல ஆரம்பித்தாள். சைட்டே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. அதில் பாதி என்னைப் பற்றியது.