விழுந்த மரமும் நூல் மில்லும்

மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் பல பேருக்குப் பொதுவான பலாமரங்கள் உண்டு. காய்க்கும்போது பழத்தைப் பிரித்துக்கொள்வார்கள். காற்றில் மரம் விழுந்தால் கட்டையைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு அடிமரம், ஒருவருக்குக் கிளை. வெறுங்கையோடு யாரும் திரும்புவதில்லை. அடிவாரத்து நூல் மில்லையும் என் அப்பா அப்படித்தான் நினைத்தார். அதற்காக அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

எங்கள் மிளகை வாங்கும் மண்டிக்காரர் அந்த மில்லின் டைரக்டர்களில் ஒருவர். மிளகு நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பே பங்குப் பேச்சை எடுத்துவிட்டார். பங்கு பத்து ரூபாய். பாதி இப்போது, பாதி மில் கேட்கும்போது. அப்பா இருபது பங்கு எடுத்தார். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன் நான்; அப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு நூல் விலை விழுந்தது. மில்லுக்குப் பணம் வேண்டியிருந்தது. புதுப் பங்கு விற்றிருக்கலாம். விற்றால் அதிகாரம் கைமாறிவிடும் என்று டைரக்டர்களுக்குப் பயம். பட்டணத்து லேவாதேவிக்காரர் ஒருவரிடம் மெஷின்களை ஈடு வைத்துக் கடன் வாங்கினார்கள். நாற்காலி பிழைத்தது. மில் பிழைக்கவில்லை.

மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பா கயிறும் சும்மாட்டுத் துணியும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மலை இறங்கினார். இருபது பங்குக்கு உரிய இரும்பைத் தூக்கி வர வேண்டுமாம். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

மில் வாசலில் மானேஜர் கயிற்றைப் பார்த்துவிட்டு, யானை எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா கோபப்படவில்லை.

"ஏனுங்க சாமி, மரம் விழுந்தா கட்டை எங்களுக்கு இல்லீங்களா?"

"மரத்தை ஈடு வெச்சாச்சுப்பா. கடன் குடுத்தவன் எடுத்ததுக்கு அப்பறம் மிச்சம் இருந்தா உனக்கு. மிச்சம் இல்லை. அதோட உன் மீதிப் பாதியும் கட்டணும். நூறு ரூபாய். கடன் இன்னும் அடையலை."

டைரக்டர்கள் எவ்வளவு கட்டப்போகிறார்கள் என்று கேட்டேன்.

"அவங்களுது முழுசாக் கட்டின பங்கு, தம்பி."

"எதைக் கட்டினாங்க?"

மில்லை ஆரம்பிக்க அலைந்ததற்காகவும், பெயர் கொடுத்ததற்காகவும் அவர்களுக்கு அப்படி எழுதிக் கொடுத்தது என்றார். ஒரு காசு போடவில்லை. சட்டப்படி எல்லாம் சரி என்றும் சொன்னார். அந்தச் சட்டத்தைப் படிக்கத்தான் என்னை மலையை விட்டு இறக்கினார்களா?

கட்ட வேண்டாம், கோர்ட்டுக்கு வரட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"கேக்கறப்பக் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டேன் கண்ணு. கேட்டுட்டாங்க."

அப்பா நேரே மண்டிக்குப் போனார். நூறு ரூபாயைத் தானே மில்லுக்குக் கட்டிவிடுவதாகவும், பதிலுக்கு வரும் மாசி மிளகு முழுவதையும் தான் சொல்லும் விலைக்குப் போட்டுவிட வேண்டும் என்றும் மண்டிக்காரர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. எங்களுக்கு உதவுவதாகவே பேசினார். எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை. அப்பா கைநாட்டு வைத்தார்.

இப்போது தை. கொடியில் மிளகு சிவக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் அதைப் பறித்து, காயவைத்து, அந்த ஆள் மண்டிக்கு நான்தான் சுமந்துகொண்டு இறங்க வேண்டும்.