கிரில் இல்லாத பதினோரு நாள்

விபத்து நடந்தால் நிரப்புகிற தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நெருக்கி எழுதினாலும் இரண்டு வரிதான் பிடிக்கும். எங்கள் கம்பெனியில் அந்த இரண்டு வரியையும் எழுதியது நான்தான். நான் படித்தது எட்டாவது வரைக்கும். அதற்கு மேல் அனுப்ப வீட்டில் மனம் இல்லை, நானும் சண்டை போடவில்லை. ஆனால் கையெழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். அதனால் ஷிப்டு போர்டிலிருந்து பூஜைச் சாமான் பட்டியல் வரைக்கும் எதை எழுதுவதென்றாலும் "அந்தம்மாவக் கூப்புடு" என்பார்கள். அந்தத் தாளுக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை என்றால் வெளியூர்க்காரர்கள் பொம்மையை நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் செய்தது மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கி நிற்குமே, அந்தப் பீங்கான். அதற்கு மண்ணைப் பிசைந்து உருளையாகத் தள்ளுவதற்கு ஒரு மிஷின் இருக்கிறது. பக்மில் என்போம். மேலே வாய். அதில் மண்கட்டியைப் போட்டால் உள்ளே இரும்பு இறக்கைகள் சுற்றிச் சுற்றிப் பிசைந்து, முன்பக்கமாக உருளை உருளையாக வெளியே விடும். வாய்ப்பக்கம் நின்று மண் போடுபவள் கம்மாபுரத்தாள். அவள் ஊரையே அவளுக்குப் பெயராக வைத்திருந்தோம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். முன்பக்கம் நின்று உருளையைக் கம்பியால் அறுத்து அடுக்குவது நான். ஏழு வருஷம் அப்படி நின்றோம். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே ஒருத்தி குடும்பத்தை இன்னொருத்தி தெரிந்துகொண்டோம்.

நான் பயந்தவள். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருவேன். பெண் போனை எடுக்காவிட்டால், பத்து நிமிஷத்துக்குள் அவளுக்கு விபத்து, ஆஸ்பத்திரி எல்லாம் என் மனதுக்குள் நடந்து முடிந்துவிடும். கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். "ஏம்மா, மேல பல்லி ஓடுது பாரு, கூரை இடிஞ்சி வுழுந்துடப் போவுது" என்பார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கம்மாபுரத்தாள் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "உங்களுக்கும் சேத்துதான் சார் அக்கா பயப்படுது. நீங்க நிம்மதியா இருங்க."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மிஷின்களைக் கழுவுவோம். பக்மில்லின் வாயை மூடி ஒரு கம்பி கிரில் இருக்கும், நாலு போல்ட் போட்டு முடுக்கியது. மண் அதன் இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகும். சிக்கினால் மரக்கட்டையால் குத்தித் தள்ள வேண்டும். எங்கள் கம்பெனி வழக்கம், பூஜைக்கு அந்த கிரில்லைக் கழற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பானர் சுத்தியலோடு சாமி படத்துக்கு முன்னால் வைப்பது. மிஷினின் வாய்க்குள்ளும் ஒரு பொட்டு வைப்போம். மூடி வைத்துக்கொண்டு கும்பிட்டால் பூஜை சேராது என்று ஒரு பேச்சு.

வழக்கமாகக் கழற்றுவது மெக்கானிக். அன்று அவர் ஏணிமேல் நின்று மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். "நீயே கழட்டிக்கம்மா, நாலு போல்ட்டுதானே" என்று மேலேயிருந்து ஸ்பானரைப் போட்டார். கழற்றினேன். குழாயடியில் உட்கார்ந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கம்மாபுரத்தாள் அன்று வரவில்லை, மகனுக்குக் காய்ச்சல். பூஜை முடிந்து மறுநாள் அவள் வந்தபோது கிரில் சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

"பச்சை பெயிண்ட் ஒண்ணு அடிச்சிட்டு மாட்டிக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். பெயிண்ட் வரவில்லை. அதற்குள் ஒன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: கிரில் இல்லாமல் மண் மளமளவென்று இறங்குகிறது. கட்டையால் குத்த வேண்டாம், கையால் ஒரு தள்ளு போதும். சாயந்தரம் உருளை எண்ணிக்கை கூடியது. சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். எங்களுக்கும்தான். ஐந்தரைக்கே கை கழுவிவிட்டு, வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸையே கம்மாபுரத்தாள் பிடித்தாள்.

எனக்கு மட்டும் மனதுக்குள் அந்த வாய் திறந்தே இருந்தது. இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"சார், அந்த கிரில்லு..."

"வந்துட்டியா? காலையிலேர்ந்து உன் குரலைக் காணோமேன்னு பாத்தேன். இந்த லோடு போவட்டும்மா, மாட்டிடலாம்."

இரண்டாவது தடவை சொன்னபோது அவர் மேலே பல்லியைத் தேடுவதுபோல் கூரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பதினோராம் நாள், டீக்கு முன்னால், கம்மாபுரத்தாளின் கை உள்ளே போனது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. சுவிட்ச் சுவரில் இருந்தது, நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி. அவள் நின்ற இடத்திலிருந்து எட்டவே எட்டாது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. எட்டாத சுவிட்சைப் பற்றி அதன்பிறகு நடந்த எந்த விசாரணையிலும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது கிரில் மாட்டியிருந்தது. பச்சை பெயிண்ட் அடித்து, ஈரம்கூடக் காயாமல். பதினோரு நாளாக வராத பெயிண்ட் ஒரே ராத்திரியில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அரசாங்க அதிகாரி வருகிறார் என்று, அவருக்குக் காட்ட விபத்துத் தாளைத் தயார் செய்தார்கள். சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பாதுகாப்பு கிரில் பொருத்தப்பட்டிருந்தும், தொழிலாளி கவனக்குறைவாக அதைத் தாண்டிக் கையை நுழைத்ததால்." பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். "எழுதும்மா. இல்லன்னு எழுதுனா, அடுத்த கேள்வி கழட்டுனது யாருன்னு வரும். உனக்குத்தான் கஷ்டம்." அவர் மிரட்டவில்லை. என் நல்லதுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் எழுதினேன். கீழே சாட்சி என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மிஷினைச் சுற்றி வந்தார். கிரில் கம்பிகளுக்கு நடுவே தன் கையை விட்டுப் பார்த்தார். விரல் கணுவோடு நின்றுவிட்டது, உள்ளங்கை போகவில்லை. கையை எடுத்துப் பார்த்தார். மூலையில் தேங்கிய பெயிண்ட் இன்னும் காயவில்லை, பச்சை ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இது அன்னைக்கு இருந்துச்சாம்மா?"

கேட்டது அவ்வளவுதான். பின்னால் சூப்பர்வைசர் நின்றார். ஆனால் அவரைக் காரணம் சொன்னால் அது பொய். என் நாக்கைப் பிடித்தது, கழற்றியது நான் என்ற பயம்தான்.

"இருந்துச்சு சார்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பாதுகாப்பு வகுப்பு என்று வைத்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து திரையில் படம் போட்டார். எங்கள் பக்மில் படமும் வந்தது, பச்சை கிரில்லோடு. "இந்தச் சம்பவத்துலேர்ந்து நாம என்ன கத்துக்கணும்?" என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல எல்லோரும் ஒரே குரலில், "கவனமா இருக்கணும்." நானும் சொன்னேன். அவருக்குத் திருப்தி. ஆளுக்கு ஒரு சமோசா கொடுத்தார்கள்.

கம்மாபுரத்தாள் வீட்டுக்குப் போகாமல் நாட்களைத் தள்ளினேன். கடைசியில் அவளே போன் செய்தாள். "யக்கா, கம்பெனிலேர்ந்து ஒரு தாளு அனுப்பியிருக்காங்க. எங்க வூட்டுக்காரரு அதைக் காட்டிக் காட்டித் திட்டுறாரு. அதுல என்னாதான் எழுதியிருக்குதுன்னு நீ வந்து படிச்சிச் சொல்லு." அவளுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும்.

போனேன். நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கம் மண்மேடு தெரியும் கடைசித் தெரு. அது என் கையெழுத்துத் தாள் அல்ல, டைப் அடித்தது. ஆனால் வார்த்தைகள் என் பேனாவிலிருந்து போனவை. படித்தேன். கவனக்குறைவு என்ற இடத்தில் குரல் தானாகத் தாழ்ந்தது.

"கிரில்லா? ஏதுக்கா அன்னைக்கு கிரில்லு?" என்றாள் அவள். "அது இருந்தா எங் கையி எப்படிப் போவும்?"

உள்ளேயிருந்து அவள் கணவர் கேட்டார், "அப்ப கவர்மெண்டு ஆளு வந்து பொய் எழுதிட்டுப் போனாரா? வேல செய்யத் தெரியல, கைய வுட்டுட்டு வந்து நிக்குற. ஊரே கேக்குது."

"இப்படித்தான்க்கா தெனமும்" என்றாள் அவள். "கை போனதுகூட வலிக்கல. நான் தூங்கிட்டு வேல பாத்த மாதிரி பேசுறாங்க. யாருக்கா கிரில்லு இருந்துச்சுன்னு சொன்னது?"

தாளின் அடியில் 'சாட்சியின் வாக்குமூலப்படி' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை. "தெரியலடி" என்றேன்.

அன்றிலிருந்து, அவள் பெயரை அந்தத் தாளிலிருந்து எடுத்தால்தான் நான் மனுஷி என்று தோன்றியது. கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் பூஜைப் படங்கள் இருந்தன. சூப்பர்வைசரே போட்டவை. ஒன்றில் பக்மில், மாலையோடு, வாய் திறந்து, உள்ளே குங்குமப் பொட்டு. கீழே பொரித் தட்டுக்குப் பக்கத்தில் கிரில். அதைப் பிரிண்ட் எடுத்து, நான் சொன்னது பொய், அதற்குப் பிறகு பதினோரு நாளும் கிரில் மாட்டவில்லை, இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் சொன்னேன் என்று என் குண்டுக் கையெழுத்தில் எழுதி அதிகாரிக்கு அனுப்பினேன். கழற்றியது நான் என்பதை எழுதவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறு விசாரணைக்கு வேறொரு அதிகாரி வந்தார். சூப்பர்வைசர் பதறவில்லை. அதே குரூப்பிலிருந்து இன்னொரு படத்தை எடுத்துக் காட்டினார். குழாயடியில் நான், புடவையைத் தூக்கிச் செருகி, மடியில் கிரில், பக்கத்தில் ஸ்பானர். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணப் படத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

"இவங்கதான் கழட்டுனாங்க சார். மெக்கானிக் வேலைய இவங்களா எடுத்துச் செஞ்சிட்டாங்க. திரும்ப மாட்டலன்னு நமக்குத் தெரியாது."

"சொன்னேன் சார், ரெண்டு தடவ சொன்னேன்" என்றேன்.

சூப்பர்வைசர் வருத்தமாகச் சிரித்தார். "சார், இந்தம்மா காலையில வந்தா கரண்டு அடிச்சிடும்னு சொல்லும், மத்தியானம் சூளை வெடிச்சிடும்னு சொல்லும். யாரை வேணா கேளுங்க. இதுல எதைன்னு சார் நாம எடுத்துக்குறது?"

அதிகாரி கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. ஏழு வருஷமாக எல்லாவற்றுக்கும் பயந்ததில், உண்மையாகப் பயப்பட வேண்டியதைச் சொன்னபோது அதற்கு மதிப்பு இல்லாமல் போயிருந்தது.

புதுத் தாள் வந்தது. காரணம்: அனுமதி இல்லாமல் பாதுகாப்பு கிரில்லைக் கழற்றித் திரும்பப் பொருத்தாத தொழிலாளியின் கவனக்குறைவு. ஆள் மாறியிருந்தாள், கவனக்குறைவு மாறவில்லை. மிஷினை நிறுத்தும் சுவிட்சை யாரும் நகர்த்தவில்லை. லோடு போகட்டும் என்றவர் அதே நாற்காலியில் இருந்தார். பூஜைக்குப் பொம்பளைங்க மிஷினைத் தொடக் கூடாது என்று ஒரு போர்டு வைத்தார்கள். எழுத என்னைக் கூப்பிடவில்லை. என்னைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

எப்படியோ அவள் பெயர் போய்விட்டது, அது போதும் என்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் போனேன். வாசலிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஒரு வரியும் விடவில்லை. இதில் வரும் தொழிலாளி நான்தான் என்பதையும், முதல் தாளில் கிரில் இருந்தது என்று சொன்ன சாட்சி நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவள் இடது கையால் வலது கையை மூடிக்கொண்டாள்.

"பதினோரு நாளும் எதிர்ல நின்னியேக்கா. 'கைய வுடாதடி, கட்டையால தள்ளு'ன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன்டி."

"அவரு கையா உள்ள போச்சு?"

  அவளிடம் சொல்லியிருந்தால், யார் கழற்றினது என்று அவள் கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். இவ்வளவு பயந்த எனக்கு, பயப்பட வேண்டியது அவள் கைக்காக என்று தோன்றவில்லை.

உள்ளேயிருந்து அவள் கணவர் கேட்டார், "யாரு வந்துருக்குறது?"

அவள் தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"கம்பெனிலேர்ந்து யாரோ வந்தாங்க. கெளம்பிட்டாங்க" என்றாள்.

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.