கடல் பார்க்கப் போனோம், அடுப்பை மெழுகிவிட்டு

ஈரச் சாணி காயும்போது வருகிற அந்தப் புளித்த வாடை மூக்கில் பட்டால் போதும், எனக்குக் கடல் ஞாபகம் வந்துவிடும். சாணிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இத்தனை காலம் விட்டுவிட்டேன்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருந்தது எங்கள் தெரு. அங்கே குடியிருந்த எல்லோரும் பண்ணை வேலைக்காரர்கள். வீடு நின்ற மண்ணும் பண்ணையாருடையதுதான். கூலி உயர்த்திக் கேட்டு அறுப்பை நிறுத்துகிற நாட்களில், பண்ணையின் கணக்குவழக்கைப் பார்க்கிற காரியக்காரர் தெருமுனையில் வந்து நின்று, "அப்ப எங்க எடத்தைக் காலி பண்ணுங்க" என்று சொல்வார். அதோடு எங்கள் ஆட்களின் பேச்சு அடங்கிவிடும். வாசலில் மரம் வைக்கக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. மரம் வளர்ந்தால் மண்ணும் தங்களுடையது என்று நினைத்துக்கொள்வார்களாம். வேலியோரம் தானாக முளைத்த முருங்கையைக்கூட ஆள்விட்டு வெட்டினார்கள்.

அப்படியிருந்த ஊரில்தான், குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருப்பதாக டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு அப்பா ஓடிவந்தார். "ஆபீசர் நேர்ல வந்து பாப்பாராம். குடியிருக்கோம்னு தெரிஞ்சா நம்ம பேர்லயே பட்டா குடுத்துடுவாங்களாம்" என்று மூச்சு வாங்கச் சொன்னார். அம்மா நேரே கொல்லைப் பக்கம் போய், குதிகாலால் ஒரு இடத்தைக் கீறிவைத்துவிட்டு வந்தாள். அங்கேதான் தென்னம்பிள்ளை வைக்கப் போகிறாளாம்.

ஆபீசர் மாசி பிறந்துதான் வருவார் என்று சொன்னார்கள். அறுப்பும் முடிந்திருந்தது. தை அமாவாசை நெருங்கியபோது, அம்மாவுக்கு அஞ்சலை அத்தையின் நினைப்பு வந்துவிட்டது. அஞ்சலை, கோடியக்கரைப் பக்கத்து மீனவப் பெண். அறுப்புக் காலத்தில் கருவாட்டுக் கூடையோடு களத்துமேட்டுக்கு வந்து, கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கிப் போவாள். எங்களுக்கு உறவில்லை; பாசத்தில் அத்தை. ஒவ்வொரு தடவையும் அம்மாவைச் சீண்டிவிட்டுப் போவாள். "ஏன் பாக்கியம், கூப்பிடு தூரத்துல கடலை வச்சுக்கிட்டு இன்னும் சேத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறியே! ஒரு அமாவாசைக்காவது வாயேன்." அம்மா பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. புயல் மாதத்தில் கிழக்கிலிருந்து வரும் இரைச்சலைக் கேட்டதோடு சரி.

அமாவாசைக் குளியலுக்கு வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுப் போவது எங்கள் தெருவில் பழக்கமில்லை. அம்மாவோ எதையும் இரட்டிப்பாகச் செய்கிறவள். அடுப்புச் சாம்பலைத் துளியும் மிச்சமில்லாமல் வழித்துக் குப்பைக்குழியில் கொட்டினாள். அடுப்பையும் தரையையும் சாணி போட்டு மெழுகினாள். சட்டி பானைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆட்டை எதிர்வீட்டுக் கண்ணம்மா பெரியம்மாவிடம் விட்டாள். பாயும் மாற்றுத்துணியும் பித்தளைச் சொம்பும் மூட்டைக்குள் போய்விட்டன. எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான். கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்து, "பாரு, கோயிலாட்டம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேதாரண்யம் தாண்டி பஸ் போகும்போது இருபுறமும் உப்பளம் வந்தது. வரப்பு, மடை, சின்னச் சின்னப் பாத்தி, கண்ணாடியாய்த் தண்ணீர். அம்மா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "நாத்தங்காலை எவ்வளவு சுத்தமா பரம்படிச்சு வச்சிருக்காங்க! யாரு வயலுங்க இது?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அஞ்சலை அத்தை எங்களைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். கலங்கரை விளக்கம், பாய் இறக்கிக்கொண்டு கரையேறுகிற கட்டுமரங்கள், மணலில் குவித்த மீனைச் சுற்றி நின்று ஏலம் கூவுகிற கூட்டம், தூரத்துச் சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கிற பூநாரைகள். எதைப் பார்த்தாலும் "அடேயப்பா" என்றார் அப்பா. அம்மா மட்டும் தண்ணீரை விட்டு வரவில்லை. முழங்காலளவு நீரில் நின்றாள். அலை காலடி மண்ணை அரித்துக்கொண்டு போகும்போதெல்லாம் விரல்களை ஊன்றி, ஓர் அடி பின்னால் வைத்தாள். அடுத்த அலைக்கு இன்னோர் அடி. நடவு நடுகிறவர்கள் அப்படித்தான் பின்னாலேயே நகர்வார்கள். "ஏண்டி, கடல்லயும் நடவா?" என்று அஞ்சலை அத்தை கேட்க, அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. வலை உலர்த்துகிற கொட்டகையில் படுத்துக்கொண்டோம். "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போவோமாங்க" என்று அம்மாதான் அப்பாவிடம் கேட்டாள். வாழ்நாளில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு நாளும் இருந்துவிட்டுக் கிளம்பும்போது அத்தை ஒரு தென்னம்பிள்ளை கொடுத்தாள். அம்மா அதைப் பஸ்ஸில் யார் கையிலும் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

தெருமுனையிலேயே கண்ணம்மா பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். முந்தின நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசர் வந்துவிட்டாராம். கூடவே காரியக்காரர். எங்கள் வீட்டைத் திறந்து காட்டி, "இதுல ஆள் இல்லீங்க, காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்றிருக்கிறார். ஆபீசர் குனிந்து அடுப்புக்குள் கைவிட்டுப் பார்த்தாராம். சாம்பல் இல்லை. பானை கவிழ்ந்து கிடந்தது. பாயில்லை, துணியில்லை.

"நான் கத்துனேன் பாக்கியம். கடல் பாக்கப் போயிருக்காங்க சாமின்னு கத்துனேன். 'பண்ணையாளுங்க கடல் பாக்கப் போறாங்களா?'ன்னு சிரிச்சாங்கடி, எல்லாரும் சிரிச்சாங்க."

தெருவில் மற்ற எல்லோருக்கும் பட்டா வந்தது. அப்பா தாலுகா ஆபீஸ் படிகளில் நடையாய் நடந்தார். விவசாயச் சங்கத்துக்காரர்களும் கூடவே வந்து பேசிப் பார்த்தார்கள். ஆள் இல்லை என்று எழுதியது எழுதியதுதான் என்று ஆபீசில் கைவிரித்துவிட்டார்கள். அடுத்த நடவுக்குள் பண்ணை ஆட்கள் கூரையைப் பிரித்துவிட்டார்கள்; நாங்கள் வாய்க்கால் கரைக்குப் போனோம். அம்மா தென்னம்பிள்ளையைக் கண்ணம்மா பெரியம்மாவின் கொல்லையில் வைத்துவிட்டு வந்தாள். "உனக்கு இடம் இருக்கு, வச்சுக்கக்கா" என்றாள். அன்றைக்கு அவள் அழவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் தாங்கவில்லை. அடுப்பைச் சுத்தமாக வைத்ததற்கு இப்படி ஒரு தண்டனையா?

அதன் பிறகு அம்மா கடல் பக்கம் போகவில்லை. எங்கே கிளம்பினாலும் அடுப்பில் ஒரு பிடி சாம்பலும் கழுவாத ஒரு சட்டியும் விட்டுத்தான் போவாள்.

சென்ற மாதம் என் மகன், கோடியக்கரையில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று போனில் எதையோ காட்டி, எங்களைக் காரில் கூட்டிப்போனான். கலங்கரை விளக்கம் இருக்கிறது, உப்பளம் இருக்கிறது. பாய்மரங்கள் இல்லை. கருவாட்டுக்கு நெல் வாங்கும் அத்தைமார்களும் இல்லை. வழியில் எங்கள் தெருவையும் பார்த்தேன். கண்ணம்மா பெரியம்மாவின் பேரன் மாடிவீடு கட்டியிருக்கிறான். அம்மாவின் தென்னை போன புயலில் விழுந்துவிட்டதாம்.

அன்று காலை கிளம்பும்போது மருமகள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்பைப் பளபளவென்று துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். கொஞ்சம் பால் சுடவைத்து, பாதி குடித்து, மீதியை அப்படியே அடுப்பின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.