வத்தல்மலையில் நாங்கள் அள்ளிய பாட்டில்கள்

பெங்களூரில் கணினி முன்னால் உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன எனக்கு ஆசை காட்டியவன் சலீம். தருமபுரியில் அவன் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. வாரக்கடைசியானால் மலைகளில் குப்பை பொறுக்கும் தன்னார்வலர் குழுவோடு கிளம்பிவிடுவான். "பகல்ல குப்பை, ராத்திரி கூடாரம். புண்ணியமும் ஆச்சு, டூரும் ஆச்சு, வாடா" என்றான். போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை போனோம்.

தருமபுரியிலிருந்து வத்தல்மலை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழுக்கு நான்கு பைக்கில் எட்டுப் பேர் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் படம் எடுத்ததில் மேலே சேர ஒன்பதாகிவிட்டது. கூடாரம் போட இடம் கொடுத்தவர் அங்கேயே குடியிருக்கும் ராணி அக்கா. "நீங்க வேலையப் பாருங்க, சோறு ஆக்கி வெச்சுடறேனுங்க" என்று சிரித்தார்.

சாலையோரம் முழுக்கச் சுற்றுலா வந்தவர்கள் வீசிய குப்பை. அள்ளிக்கொண்டே போனோம். திருப்பத்தைத் தாண்டி ஒரு கேழ்வரகுக் காட்டு வேலியில் காலி மது பாட்டில்கள் இரண்டிரண்டாகத் தொங்கின. "குடிச்சுட்டு கட்டித் தொங்க வேற வுட்டிருக்கானுங்க பாரு!" என்றான் சலீம். விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாவற்றையும் அறுத்து மூட்டை கட்டி, கீழே போகும் காய்கறி வண்டியில் ஏற்றி அனுப்பினோம். மதியம் ராணி அக்கா வைத்த அவரைக்காய்க் குழம்பு அவ்வளவு ருசி.

ஞாயிறு காலை அவருடைய அழுகைதான் எங்களை எழுப்பியது. அந்தக் காடு அவருடையது. காற்றில் பாட்டில்கள் மோதும் சத்தத்துக்குப் பயந்துதான் காட்டுப்பன்றிகள் அதுவரை அண்டாமல் இருந்திருக்கின்றன. ராத்திரி அவை புகுந்ததில் காட்டில் பாதி உழுது போட்டதுபோல் கிடந்தது.

"அறுக்க இன்னும் ஒரு வாரந்தாங்க இருந்துச்சு. வூட்டுல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

சலீம் தலை நிமிரவே இல்லை. "பாட்டில் கொண்டாந்து மறுபடி கட்டிடறோம்க்கா" என்றான்.

"கட்டுங்க. மிச்சத்தயாவது காப்பாத்தோணும்" என்று சொல்லிவிட்டு அவர் மிதிபட்ட கதிர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அவன் கீழே போய்ப் பழைய இரும்புக் கடையில் பாட்டில் வாங்கி வந்தான். மாலை வரை கட்டினோம், பொறுக்கினோம். அவமானமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால்: கார்த்திகையில் குளிர் அதிகம், கம்பளி வேண்டும். பெட்ரோலைத் தருமபுரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கீழே கிடப்பதை அள்ளுங்கள். கட்டியிருப்பதைத் தொடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

சனிக்கிழமை மூட்டைகளோடு எடுத்த படத்தைக் குழுவின் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தோம். இன்னும் பாராட்டு வந்துகொண்டிருக்கிறது. எட்டுப் பேரும் பல்லைக் காட்டி நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் வெறும் வேலிக்கம்பி. அதற்கும் பின்னால் முற்றிய கேழ்வரகு, ஒரு கதிர் குறையாமல்.