பாபகூரா வீட்டுக் கம்ப்யூட்டரை நான் ஃபார்மட் செய்தது

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் பூட்டுவதும் திருத்துவதும்தான் என் வேலை. பென்ரோஸில் ஒரு டயர் கிடங்குக்குப் பின்னால் எங்கள் கடை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு தெர்மல் பேஸ்ட் எவ்வளவு பூசுவது, பவர் சப்ளையை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இப்படி ஒன்றைச் செய்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. நான் செய்தேன். அதனால் எழுதுகிறேன்.

1. ஆர்டர்

ஒரு திங்கட்கிழமை காலை வசந்தி என்ற பெண் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத் தமிழ். நானும் அந்தப் பக்கம் என்பதால் முதலாளி ராகவன் போனை என்னிடம் தந்துவிட்டார். அவர் சென்னைக்காரர்.

"அண்ணை, ஹோலில வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேணும். டிவியில போட்டுப் படம் பாக்கவேணும், கேமும் விளையாடவேணும். பெரிய விலைக்கு ஏலாது."

"பிள்ளையளுக்கோ?"

"இல்லை. அவருக்கு."

டிவி வைக்கும் அலுமாரியை அளந்து பார்க்காமல் நான் பெட்டி தெரிவு செய்வதில்லை. எனவே நகரின் தெற்கே பாபகூராவில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் வசந்தியின் கணவர் குமரன். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் ஊன்றுகோல், மற்றக் கை காற்சட்டைப் பைக்குள். பேச்சு கொஞ்சம் குழறியது. குடித்திருக்கிறார் என்று நான் நினைத்துவிடுவேன் என அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் உட்காரும் முன்னரே சொல்லிவிட்டார்.

"மோட்டார் நியூரோன் எண்ட நரம்பு வருத்தம். முதல் கால், பிறகு கை, பிறகு கதை. எனக்கு அந்த ஒழுங்கில போகுதாம்."

பதினொரு வருடம் பஸ் ஓட்டியவர். நான்கு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டார்கள். லொறி ஓட்டும் ஒரு கேம் இருக்கிறது, டொரொண்டோவில் இருக்கும் தம்பியோடு சேர்ந்து அதை ஓட்டலாம் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"பஸ் ஓட விடமாட்டினம். லொறியையெண்டாலும் ஓடுவம்" என்றார்.

அவர்கள் சொன்ன தொகைக்குப் புதுப் பெட்டி வராது. கம்பனிகள் கழித்துவிடும் சிறிய ஆபீஸ் பிசி ஒன்றை எடுத்து, ரேமைப் பதினாறு ஜிபி ஆக்கி, ஒரு எஸ்எஸ்டி டிரைவ் போட்டு, உயரம் குறைந்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைச் சொருகினால் போதும் என்றேன். டிவி 4கே என்றாலும் கேமை 1080ல் ஓட்டினால் கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பேக்கப்புக்கு ஒரு வெளி டிரைவும் பட்டியலில் எழுதியிருந்தேன். தொகை மேலே போனதும் அதை வெட்டியது நான்தான். ஹோலில் படம் பார்க்கிற பெட்டிக்குப் பேக்கப் எதற்கு என்று நினைத்தேன்.

குமரன் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு மாற்றம் மட்டும் கேட்டார்.

"கிராபிக்ஸ் கார்டைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ. மைக் ஒண்டு நல்லதாப் போடுங்கோ."

கேம்காரர் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தம்பியோடு கதைப்பதற்காக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

2. பூட்டியது

இதில் சொல்ல அதிகம் இல்லை. நல்ல பெட்டி. ஆபீஸ் பிசியின் பழைய விசிறி போட்ட சத்தம் படம் பார்க்கும்போது கேட்கும் என்பதால் அதை மாற்றினேன். கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைச் சற்றுக் குறைத்துச் சூட்டை இறக்கினேன். டிவிக்குக் கீழே வைத்தால் பெட்டி இருப்பதே தெரியாது. கேம் தடங்கல் இல்லாமல் ஓடியது. குமரன் வலது கையால் கேம் ஸ்டியரிங்கைப் பிடித்து, திரையில் ஜெர்மனியில் எங்கோ ஒரு பாலத்தைக் கடந்தார். வசந்தி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக நின்றது அந்த ஒரு நாள்தான்.

3. எடுக்கப் போனது

ஏழு மாதம் கழித்து வசந்தி மறுபடி போன் எடுத்தார். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பெட்டி தானாக நின்று நின்று எழும்புகிறது, டிவியில் படமே வரவில்லை என்றார். வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

வீட்டுக்குள் போனபோது குமரனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாய்வு நாற்காலியில் கழுத்துக்கு ஒரு தாங்கியோடு கிடந்தார். கைகள் இரண்டும் மடியில் இருந்தன. வசந்தி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். சீருடையோடு அறைக்குள் சாப்பாட்டுப் பை கட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ள முக்கியமான சாமான் ஏதும் கிடக்கோ?" என்று கேட்டேன்.

"கேம்தானே அண்ணை. வேற என்ன" என்று அறைக்குள் இருந்தே சொன்னார்.

நான் குனிந்து வயர்களைக் கழற்றினேன். அப்போது குமரன் ஏதோ சொன்னார். சொல்லாக வரவில்லை. தொண்டையில் இருந்து நீளமாக ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணைப் பெட்டியிலும் என்னிலும் மாறி மாறி வைத்து மறுபடி சொன்னார். மூன்றாவது தரமும் சொன்னார். வாயோரம் எச்சில் வடிந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவரைத் திரும்பத் திரும்பக் கஷ்டப்படுத்துவதா என்றும் ஓர் எண்ணம். அப்படி எண்ணினால் நான் நல்லவன் ஆகிவிடுகிறேன் அல்லவா. தலையை ஆட்டிச் சிரித்தேன்.

"ஓம் ஓம். கெதியாத் திருத்திக்கொண்டு வாறன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் அந்தச் சத்தம் இன்னொரு தரம் கேட்டது.

4. ஃபார்மட்

கடையில் அன்று மூன்று மெஷின் காத்திருந்தன. ராகவன் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க பிரச்சினை?"

"அப்டேட் குழம்பியிருக்கு. திருத்திப் பாக்கலாம், நேரம் எடுக்கும்."

"டேட்டா ஏதாவது இருக்குதா?"

"இல்லையாம். கேம்தான்."

"அப்போ மொத்தத்தையும் அழிச்சு க்ளீன் இன்ஸ்டால் போட்டு அனுப்பிடுங்க."

அவர் மேல் பிழை இல்லை. நான் சொன்னதை வைத்துத்தான் அவர் சொன்னார். டிரைவைக் கழற்றி ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். நாற்பது நிமிட வேலை. உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம், அது ஐந்து நிமிடம். பதினெட்டு வருடம் அப்படித்தான் செய்து வந்தேன். அன்று செய்யவில்லை. பார்ட்டிஷன்களை அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டு, டிரைவர்கள் போட்டு, கேமை மறுபடி இறக்கினேன். பெட்டி முன்பைவிட வேகமாக எழும்பியது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

5. எழுத்துப் பலகை

அடுத்த நாள் பிற்பகல் கொண்டுபோய்ப் பூட்டினேன். டிவியில் டெஸ்க்டாப் வந்தது. நீலத் திரை, ஓரத்தில் இரண்டே ஐகான். குமரன் திரையைப் பார்த்தார். அவர் கண் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், எதையோ தேடியது. பிறகு சத்தம் போடத் தொடங்கினார்.

வசந்தி ஓடிவந்து சோபாவில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பலகையை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தார். ஆங்கில எழுத்துகள் எழுதிய பலகை. வசந்தி விரலை வைத்துக்கொண்டே போக, சரியான எழுத்தில் குமரன் கண்ணை மூடுவார். இப்படி ஒரு பலகை அந்த வீட்டில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முந்தின நாளும் அது அங்கேதான் கிடந்திருக்கும்.

"வி... ஓ... ஐ... சி... ஈ. வொய்ஸ். சத்தம் வரேல்லையாம் அண்ணை."

நான் எச்டிஎம்ஐ சத்தத்தைச் சோதித்தேன். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். நன்றாகக் கேட்டது. குமரன் அதுவல்ல என்பதுபோலக் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். வசந்தி மறுபடி விரலை வைத்தார்.

"எஃப்... ஓ... எல்... டி..."

ஃபோல்டர். டிவிக்குக் கீழே கிடந்த மைக்கைப் பார்த்தேன்.

"மைக்கில ஏதும் பதிஞ்சு வச்சனீங்களோ?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடினார். ஓம்.

வசந்திக்கு இன்னும் விளங்கவில்லை. "என்னத்தைப் பதிஞ்சவர்? ஆஸ்பத்திரியில பதிஞ்சதெல்லாம் அவையிட்ட கிடக்குத்தானே" என்று என்னைக் கேட்டார். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் குமரனின் குரலில் ஆங்கில வாக்கியங்களைப் பதிந்து வைத்திருந்தாராம். பின்னால் கண்ணால் இயக்கும் டேப்லெட் வரும்போது அது அந்தக் குரலிலேயே பேசும். அந்தப் பதிவு பத்திரமாக இருந்தது. குமரன் பலகையைப் பார்த்தார்.

"டி... ஏ... எம்... ஐ..."

வசந்தி கடைசி எழுத்துக்குப் போகவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

தமிழில் குரல் செய்துதர ஆஸ்பத்திரியில் வழி இல்லை. அதனால் பேச்சு இருந்த நாலைந்து மாதமும், வசந்தி வேலைக்குப் போன பகல்களில், இவர் தனியாக இருந்து அந்த மைக்கில் தமிழ் பதிந்திருக்கிறார். வசந்திக்கு, டனீடினில் படிக்கும் மகளுக்கு, தம்பிக்கு. எத்தனை, என்ன சொன்னார் என்று பலகையில் கேட்டோம். எண்பதுக்கு மேல் என்று மட்டும் சொன்னார். என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை.

6. தேடியது

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபார்மட் செய்த பிறகும் பாதிக்கு மேல் மீட்கலாம். எஸ்எஸ்டி அப்படியில்லை. புதிதாகப் போட்ட விண்டோஸே காலியான இடத்தையெல்லாம் துடைத்துவிடச் சொல்லி டிரைவுக்கு உத்தரவு கொடுத்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு நாள் மென்பொருள்களை ஓட்டினேன். பிறகு டிரைவை டேட்டா மீட்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். எல்லாம் பூச்சியம் என்று பதில் வந்தது. டொரொண்டோத் தம்பியிடமும் கேட்டேன். கேமுக்குள் பேசியது எதுவும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை.

வசந்தியின் போனில் பழைய வாட்ஸப் குரல்செய்தி நான்கு இருந்தன. ஒன்றில், வரும்போது பால் வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறார். ஒன்றில் ரயில் இல்லை என்கிறார். மற்ற இரண்டும் காருக்குள் இருந்து, காற்றுச் சத்தம்தான். நான்கையும் துப்புரவு செய்து ஒரு டிரைவில் போட்டேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் முடியவில்லை.

குமரனிடம் நேரில் போய்ச் சொன்னேன். "என்ர பிழை. நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள். எனக்கு விளங்கேல்லை. விளங்கினமாதிரி நடிச்சிட்டன்." வசந்தி பலகையை எடுத்தார். குமரன் கண்ணை மூடிக்கொண்டார், எழுத்துக்காக அல்ல. பலகை வேண்டாம் என்று அர்த்தம்.

7. டேப்லெட்

நான்கு மாதம் கழித்துக் கண்ணால் இயக்கும் டேப்லெட் வந்தது. அதன் ஒலி போதாது, டிவி ஸ்பீக்கரில் கேட்கச் செய்ய முடியுமா என்று வசந்தி கேட்டார். என்னைத்தான் கேட்டார். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். போய் இணைத்துக்கொடுத்தேன்.

நான் நிற்கும்போதே அது பேசியது. அவருடைய குரல் மாதிரித்தான், ஆனால் தட்டையாக. "வசந்தி, என் தலையைக் கொஞ்சம் உயர்த்து" என்று ஆங்கிலத்தில் சொன்னது. வசந்தி உயர்த்திவிட்டுத் தமிழில் ஏதோ கேட்டார். அது ஆங்கிலத்தில் நன்றி சொன்னது.

வாசல்வரை வந்து என்னை அனுப்பும்போது வசந்தி சொன்னார்:

"இருபத்தாறு வருஷத்தில ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அண்ணை. இஞ்சேரும் எண்டுதான். இப்ப எந்த நேரமும் பேர் சொல்லிக் கூப்பிடுறார். ஆரோ வெளியாள் வீட்டுக்கு வந்து நிண்டு கூப்பிடுறமாதிரிக் கிடக்கு."

குமரன் அந்தக் குளிர்காலத்தில் போய்விட்டார்.

இப்போது எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. யார் என்ன சொன்னாலும் பழைய டிரைவின் நகல் எடுக்காமல் எதையும் அழிப்பதில்லை. நகல் ஒரு மாதம் அலுமாரித் தட்டில் இருக்கும். இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம், ஒட்டியிருக்கிறோம். மற்றது ஒட்ட முடியாதது. மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவரைக் கேளுங்கள், பக்கத்தில் நிற்பவரை அல்ல. அவர் சொல்வது விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று சொல்லி அங்கேயே இருங்கள். ஐந்து தரம் சொல்ல வைக்க நேர்ந்தாலும் இருங்கள்.

எனக்கு அன்று நேரம் இல்லாமல் போகவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு பாபகூராவிலிருந்து திரும்பும் வழியில் காரை நிறுத்தி, உட்கார்ந்து, ஒரு காப்பி குடித்தேன்.