மேடைக்கு அடியில் முப்பது பற்கள்

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துக் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு, என் வகுப்பில் பெரும்பாலோரைப் போல சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன். திரையில் தெரியும் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று அமுக்கிப் பார்ப்பது அங்கே என் உத்தியோகம். ஆனாலும் சொந்தக்காரர்களுக்கு நான் இன்ஜினியர். யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் எனக்கு ஃபோன் வரும். நான் போய்ப் பார்த்துச் சொல்வேன். பிறகு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அவரும் அதையே சொன்ன பிறகு நிம்மதி அடைவார்கள்.

ஒருநாள் என் தாய்மாமா கூப்பிட்டார். அவருக்கு முடிச்சூர் தாண்டி ஒரு கல்யாண மண்டபம் உண்டு. எதிர்ச்சாரியில் புதிதாக வந்த மண்டபத்தில் மணப்பெண் புகை நடுவே ஊஞ்சலில் இறங்கி வருவதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. பதிலடியாகச் சுழலும் மேடை ஒன்றை வாங்கிப் போட்டார். வட்டமான பலகை, அதன்மேல் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சோபா. அடியில் ஒரு மோட்டார். மோட்டாரில் சின்னப் பல்சக்கரம், மேடையின் அச்சில் பெரிய பல்சக்கரம், இரண்டையும் இணைத்து சைக்கிளில் இருப்பது போல ஒரு செயின். வரவேற்பு நேரத்தில் தம்பதி மெதுவாகச் சுற்றி எல்லாத் திசைக்கும் முகம் காட்டுவார்கள்.

இப்போது மேடை விட்டுவிட்டு உதறுகிறது, ஃபோட்டோ எல்லாம் ஆடிப்போய் வருகிறது என்றார் மாமா. நான் பலகைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். சின்னச் சக்கரத்தின் பற்கள் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தன. பெரியதும் தேய்ந்திருந்தது. செயின் நீண்டு தொங்கியது. சக்கரம் இரண்டையும் செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பழைய செயின் புதுப் பற்களைச் சீக்கிரம் தின்றுவிடும் என்று சொன்னேன்.

"மாப்பிள்ளைக்குப் பல்லு போச்சுன்னா பொண்ணையும் சேர்த்தா மாத்துவாங்க?" என்று கேட்டார் மாமா.

மறுநாள் இருவரும் மேற்குத் தாம்பரத்தில் செயின், பேரிங் எல்லாம் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். மாமாவுக்குப் பழக்கமான கடை. கடைக்காரரை அவர் பாய் என்றுதான் கூப்பிடுவார். எந்த பிட்ச், எத்தனை பல், அச்சு எவ்வளவு கனம் என்று பாய் கேட்டார். "நல்லதா கொடுங்க பாய்" என்றார் மாமா. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள இடைவெளிதான் பிட்ச். சக்கரமும் அதே பிட்சில் இருக்க வேண்டும். அரை இஞ்ச், மோட்டாருக்குப் பதினைந்து பல், மேடைக்கு அறுபது, இரும்பில் பல் மட்டும் சூடுபோட்டுக் கடினமாக்கியது வேண்டும் என்று நான் சொன்னேன். பாய் மாமாவைப் பார்த்தார். நான் சொன்னதையே அவர் திருப்பிச் சொன்னதும் மாமா தலையை ஆட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சக்கரம் இருந்ததை மாமா பார்த்துவிட்டார். மோட்டாரின் பழைய சக்கரத்தைவிட இரண்டு மடங்கு பெரிசு. முப்பது பல். துருப்பிடிக்காது என்பது சரிதான், ஆனால் உங்கள் மேடை மழையில் நனையப்போவதில்லை, இதன் பல் அவ்வளவு கடினமும் இல்லை, அடியில் கிடப்பதன் பளபளப்பை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். இப்போது வீடியோக்காரர்கள் எங்கே வேண்டுமானாலும் கேமராவை விடுகிறார்கள் என்றார் மாமா. பல் அதிகம் இருந்தால்தானே பலம் என்றும் சேர்த்துக்கொண்டார். பல்லுக்கும் பலத்துக்கும் அப்படி நேரான கணக்கு இல்லை, வேகம்தான் மாறும் என்று நான் ஆரம்பித்தபோது ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பொத்தானின் நீலம் போன வாரத்து நீலமாக இல்லை என்று பெரிய கலவரம். தெருவில் ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு நீலத்தைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டு வந்தேன்.

உள்ளே மாமா வாங்கி முடித்திருந்தார். நான் சொன்னபடியே சக்கரம் இரண்டையும், செயினையும் மாற்றப்போவதாகப் பெருமையாகச் சொன்னார். மோட்டாருக்கு அந்த முப்பது பல். மேடைக்கு அறுபது பல்லில் பளபளப்பானது இல்லையாம், அதனால் அதற்கும் முப்பது பல். ஜோடியாக இருக்கட்டுமே என்றார்.

"மேடம் சொன்னத நானும் சொன்னேன் சார். அப்பால எங்கிட்ட வரக்கூடாது" என்றார் பாய்.

மேடை நாலு மடங்கு வேகத்தில் சுற்றும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வரிசையில் நிற்பவர்களுக்கும் சீக்கிரம் வேலை முடியும் என்றார் மாமா. ஃபிட்டர் வந்து கொடுத்ததை மாட்டிவிட்டுப் போனார். வெறும் மேடையை ஓட்டிப் பார்த்து மாமா மகிழ்ந்தார்.

அந்த வாரமே ஒரு வரவேற்பு. சிறுசேரியிலிருந்து கிளம்பி, வண்டலூர் சாலை நெரிசலில் ஊர்ந்து நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேடை சுற்றிக்கொண்டிருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்த்த வந்தவர்கள், புறப்பட்டுவிட்ட மின்சார ரயிலில் ஏறுவதைப் போலக் காலை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டினார்கள். சட்டமிட்ட சாமி படத்தோடு ஏறிய பெரியவர் ஒருவர் பின்பக்கம் போய் மறைந்து, மறுபக்கமாகப் படத்தோடு திரும்பி வந்தார். நிறுத்தச் சொன்னேன். மங்கலமாகச் சுற்றுவதை நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் மாமா.

கொஞ்ச நேரத்தில் பொண்ணின் முகம் வெளிறியது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். தோழிகள் அவளைத் தாங்கிக் கீழே இறக்கியபோது கால் நிலைகொள்ளாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். மேடை சுற்றியதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பொண்ணுக்கு மயக்கம் என்ற சேதி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் மேடை இல்லை. பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் பெண்கள் எழுந்து வந்தார்கள். ஓர் அம்மாள் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் வாய்விட்டே கேட்டார்.

"எங்க பையனும்தானே கூட சுத்தினான்? அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

பொண்ணின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போது வந்த கோபம் மாமாவின் மேலா, அத்தையின் மேலா, சுற்றி நின்று காது கொடுத்தவர்கள் மேலா, தெரியவில்லை. பாட்டுக்காரரின் மைக்கை வாங்கினேன்.

"பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. மோட்டார்ல பதினஞ்சு பல்லு இருக்கணும், மேடையில அறுபது இருக்கணும். ரெண்டுலயும் முப்பது போட்டுட்டாங்க. அதனால நாலு மடங்கு வேகமா சுத்திடுச்சு. யார் உக்காந்தாலும் தலை சுத்தும்."

பல்லைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று பலர் விழித்தார்கள். என் படிப்பு ஊருக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான், அதுவும் யாருக்கும் புரியவில்லை. அத்தை இன்னும் மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சோபாவை விட்டு எழுந்தான், ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், திறந்த வாயை மூடிக்கொண்டு கை கழுவும் இடத்தை நோக்கி ஓடினான். அங்கிருந்து வந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை வாந்தி எடுத்ததற்கு ஒரு மண்டபமே நிம்மதிப் பெருமூச்சு விட்டதை அன்றுதான் பார்த்தேன். பெண்கள் பாயசத்துக்குத் திரும்பினார்கள். அத்தை எலுமிச்சம்பழம் தேடிப் போனார்.

மீதி வரவேற்பு கீழே, இரண்டு சாதாரண நாற்காலிகளில் நடந்தது. நான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியபோது பொண்ணு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இந்த ஷோவே எனக்குப் பிடிக்கலை. வேண்டாம்னு சொன்னேன், யாரும் கேக்கலை. அந்தச் சக்கரம்தான் கேட்டுச்சு" என்றாள் தாழ்ந்த குரலில்.

பிறகு நானே தனியாக பாய் கடைக்குப் போய்ப் பதினைந்து பல்லும் அறுபது பல்லும் வாங்கினேன். கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, பார்க்க ஒன்றுமில்லாதவை. அந்த முறை பாய் என்னிடமே பேசினார். மேடை இப்போது உதறலே இல்லாமல் ஆமை வேகத்தில் நகர்கிறது. ஆனால் அந்த வரவேற்பு வீடியோ எப்படியோ வெளியே போய், தாம்பரம் முழுக்கச் சுற்றிவிட்டது. மண்டபம் பார்க்க வருகிறவர்களில் சிலர், அந்த ஸ்பீடாகச் சுற்றும் மேடைதான் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

போன மாதம் ஒரு குடும்பம் அப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாமா என்னைக் காட்டினார்.

"நம்ம பொண்ணு ஐடியில இருக்கா. இவதான் சாஃப்ட்வேரை மாத்தி ஸ்லோ பண்ணிட்டா" என்றார்.