ராயபுரத்துக்கு வந்த ‘வூட்டு ஓனர்’

2006 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. ராயபுரத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை, மாட்டிக்கொண்டு போனேன். எழும்பூரில் டிராவல்ஸ் நடத்தும் நண்பன் போன் செய்து, “ஜெர்மன்காரர் ஒருத்தர், பெரிய இடம், நீதான் கூடப் போகணும்” என்றான். இரண்டு வருடம் ஜெர்மன் வகுப்புக்குப் போனவன் என்பதுதான் என் தகுதி. அதில் பாதி மறந்துவிட்டது என்பதை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஹோட்டல் வாசலில் நின்றவருக்கு எழுபது வயதிருக்கும். கசங்கிய சட்டை, ரப்பர் செருப்பு. தான் ஒரு அரச வம்சத்தின் தலைவர் என்றார். எந்த நாட்டுக்கு ராஜா என்று கேட்டேன். எந்த நாட்டுக்கும் இல்லையாம். முதல் உலகப் போர் முடிந்ததும் ஜனங்கள் அவருடைய தாத்தாவை இறக்கிவிட்டார்கள். நாடு போச்சு, அரண்மனையும் போச்சு. தலைவர் பதவி மட்டும் தாத்தா, அப்பா வழியாக இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்கு மர வியாபாரம். ஆனால் சொந்தக்காரப் பையன் ஒருவன் கல்யாணம் செய்துகொள்ள இவரிடம் அனுமதி வாங்க வேண்டும், வாங்காவிட்டால் பட்டத்துக்கு உரிமை போய்விடும்.

“எந்தப் பட்டம்?” என்றேன்.

“இப்போது இல்லாத பட்டம்தான்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். எனக்குத் தலை சுற்றியது. ‘பிரின்ஸ்’ என்பதுகூடச் சட்டப்படி இப்போது வெறும் குடும்பப் பெயரின் ஒரு துண்டாம்.

அவரிடம் ஒரு பழைய போட்டோ இருந்தது. தாத்தா இளம் வயதில் இந்தியாவுக்கு ஊர் சுற்ற வந்தபோது எடுத்தது. ராயபுரத்தில் ஒரு வியாபாரி வீட்டு வராந்தாவில் நிற்கிறார். அந்த வராந்தாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

ஹோட்டல் இருந்த சென்ட்ரலிலிருந்து ராயபுரம் கல்மண்டபம் சுமார் நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கேட்டார் டிரைவர் சேகர். பேரம் பேசாமல் ஏறினோம்.

“யாரு சார் இவுரு?”

ஜெர்மனில் வம்சத்துக்கும் வீட்டுக்கும் ‘ஹவுஸ்’ என்று ஒரே சொல். அந்த நினைப்பிலேயே, “பெரிய வீட்டுக்குத் தலைவர். பேரு பிரின்ஸ்” என்று சொல்லித் தொலைத்தேன்.

“எங்க தெருவுலயே மூணு பிரின்ஸ் கீறானுங்க சார். ஒருத்தன் ஹார்பர்ல கிரேன் ஓட்டிகினு கீறான்.”

இரண்டு டீக்கடைகளில் போட்டோவைக் காட்டி விசாரித்து, மாதா கோயிலுக்குப் பின்சந்தில் வீட்டைக் கண்டுபிடித்தோம். உயரமான தூண்கள், இடிந்த கைப்பிடிச் சுவர், உள்ளே ஆறு குடித்தனம். சேகர் இறங்கின வேகத்தில், “அக்கா, இந்த வூட்டு ஓனர் வந்துகீறாரு!” என்று குரல் கொடுத்தார்.

சந்தே திரும்பிப் பார்த்தது. மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்து வாசலை மறித்து நின்றார். பெயர் ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்தது. அந்த வீட்டுக்கு ஓனர் யாரென்றே யாருக்கும் தெரியாது. வாடகை வாங்க வந்துகொண்டிருந்த ஆளும் எப்போதோ வராமல் நின்றுவிட்டார். என்றைக்காவது ஒருவன் வந்து வெளியே போ என்பான் என்ற பயத்தோடு பிள்ளைகளை வளர்த்தவர்கள்.

“நாங்க இங்கியே பொறந்து வளந்தோம். காலி பண்ண மாட்டோம்னு சொல்லு சார் அந்தாள்கிட்ட” என்றார். மீன் கழுவின ஈரக்கை வாசல் நிலையை விடவில்லை. எனக்கு எங்கே ஆரம்பித்து விளக்குவது என்றே புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். பெரியவர் அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார்.

“எங்களையே காலி பண்ணித்தான் அனுப்பினார்கள் என்று சொல்லுங்கள்.”

சொன்னேன். ஸ்டெல்லா அக்கா நம்பவில்லை. “இவுர யாரு காலி பண்ணது?”

“அவங்க ஊரு ஜனங்கதான்.”

“எதுக்கு?”

பெரியவரிடம் கேட்டுச் சொன்னேன். “எங்களிடம் வீடு அதிகமாக இருந்தது.”

அக்கா வழிவிட்டார். வராந்தாவை ஷீட் போட்டுத் தடுத்து மூன்று சமையலறை ஆக்கியிருந்தார்கள். போட்டோவில் தாத்தா நின்ற இடத்தில் ஒரு அடுப்பு. அதில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவர் அதன் பக்கத்தில் நின்றார், நான் படம் எடுத்தேன்.

கிளம்பும்போது அக்கா விடவில்லை. “இன்னா இருந்தாலும் எல்லார் எதிர்லயும் ஒரு வார்த்த சொல்ட்டுப் போவச் சொல்லு. ‘இது என் வூடு இல்ல.’ சொல்லு நைனா.”

பெரியவரிடம் திரும்பி, “அக்கா சொன்னதை அப்படியே தமிழில் சொல்லிவிடுங்கள்” என்றேன். அர்த்தம் தெரியாமலே அவர் சந்து முழுக்கக் கேட்க, “இது என் வூடு இல்ல” என்றார். எதிர்வீட்டு மாடிக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தார்கள். பிறகுதான் டீ வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மீன்பிடித் துறைமுகத்தை விடியற்காலையில் பாருங்கள், செருப்பு நனையும். அப்படியே திருவொற்றியூர், எண்ணூர் போவதாக இருந்தால் கன்டெய்னர் லாரி வரிசைக்கென்று கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய வீடுகளைப் பார்க்கப் போனால், யார், எதற்கு வந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். ஆட்டோக்காரரிடம் விடாதீர்கள்.

நாங்கள் எண்ணூர் போகவில்லை. ஆட்டோவில் ஏறியதும், தான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவர் கேட்டார். ஜெர்மனில் சொன்னேன். அங்கே வீட்டுக்கும் வம்சத்துக்கும் ஒரே சொல் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ‘இது என் வம்சம் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

“என் அப்பா சாகும்வரை இதைச் சொல்லவில்லை” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார்” என்றார்.